ரத்தத்தில் ஒரு கோடு: ஹெபடைட்டிஸ் பி வைரஸைத் தேடாமலே கண்டுபிடித்த பாரூக் பிளம்பெர்க்கின் கதை

ஆபீஸில் வருஷா வருஷம் எடுக்கும் மாஸ்டர் ஹெல்த் செக்கப், வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கல், ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை. இதில் ஏதாவது ஒரு ரிப்போர்ட்டில் ஹெச்பிஎஸ்ஏஜி என்று ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நெகட்டிவ் என்று இருந்தால் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் அன்று ராத்திரி தூக்கம் போய்விடும். கூகுளில் தேடுவோம், வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்று குழம்புவோம், கல்யாணம் என்ன ஆகுமோ, வேலை என்ன ஆகுமோ என்று பயப்படுவோம்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மனிதரின் முழு வாழ்க்கை இருக்கிறது. பெயர் பாரூக் பிளம்பெர்க். அமெரிக்க மருத்துவர், 1976-ல் நோபல் பரிசு பெற்றவர். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் எந்த வைரஸையும் தேடிப் போகவில்லை. மனிதர்களுக்குள் இருக்கும் பரம்பரை வித்தியாசங்களைத் தேடிப் போனவர் அவர். வழியில் ஒரு வைரஸ் கிடைத்தது. அதையும் முதலில் பரம்பரைச் சமாச்சாரம் என்றுதான் தப்பாக நினைத்தார். அந்தத் தப்பை அவரே எப்படித் திருத்திக்கொண்டார் என்பதுதான் இந்தக் கதையின் மையம். ஏனென்றால் அதே தப்பை நம்மில் பல பேர் இன்னமும் செய்துகொண்டிருக்கிறோம்.

புரூக்ளின் பையன், சூரினாம் பயணம்

பிளம்பெர்க் பிறந்தது 1925 ஜூலை 28, நியூயார்க்கின் புரூக்ளினில். யூதக் குடும்பம். சின்ன வயதில் யூத மதப் பள்ளியில் படித்தார். அங்கே பழைய மத நூல்களையும் அவற்றுக்கான உரைகளையும் வரி வரியாக வாதாடிப் படிக்கும் பழக்கம் வந்தது. இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்கக் கடற்படையில் அதிகாரியாக இருந்தார். 1946-ல் யூனியன் கல்லூரியில் இயற்பியல் பட்டம். அடுத்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கப் போனவர், மருத்துவத்துக்கு மாறி 1951-ல் டாக்டர் ஆனார்.

மருத்துவம் படிக்கும்போதே தென் அமெரிக்காவின் சூரினாமுக்கு ஒரு பயணம் வாய்த்தது. மோயெங்கோ என்ற இடத்தில் பாக்சைட் சுரங்கம் இருந்தது. அங்கே சர்க்கரைத் தோட்ட வேலைக்காக ஒரு காலத்தில் உலகத்தின் பல மூலைகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வம்சாவளியினர் இருந்தார்கள். ஆப்பிரிக்கர்கள், ஜாவாக்காரர்கள், சீனர்கள், ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே ஊரில். ஒரே கொசு, ஒரே மழை, ஒரே காற்று. ஆனால் யானைக்கால் நோய்க் கிருமி ஒரு கூட்டத்தை அதிகம் தாக்கியது, இன்னொரு கூட்டத்தை அவ்வளவாகத் தொடவில்லை.

ஏன் ஒருவருக்கு நோய் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கு வருவதில்லை? அந்த இளைஞரின் மனதில் விழுந்த கேள்வி இதுதான். கடைசிவரை அவர் அதை விடவில்லை.

ரத்தம் சேகரித்தவர்

1950-களின் நடுவில் பிளம்பெர்க் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் 1957-ல் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினார். அங்கே அந்தோணி அலிசன் என்ற விஞ்ஞானியின் நட்பு கிடைத்தது. அரிவாள் செல் மரபணு ஒரு பிரதி இருந்தால் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும் என்று காட்டியவர் அலிசன். ஒரு பரம்பரை வித்தியாசம் ஒரு தொற்றுநோயின் போக்கையே மாற்ற முடியும் என்றால், ரத்தத்தில் இப்படி இன்னும் எத்தனை வித்தியாசங்கள் ஒளிந்திருக்கும்?

அதைக் கண்டுபிடிக்க இருவரும் ஒரு எளிய தந்திரம் வைத்திருந்தார்கள். நிறைய முறை ரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களின் உடம்புக்குள் பல பேருடைய ரத்தம் போயிருக்கும். தன்னிடம் இல்லாத ஏதோ ஒரு புரதம் வெளியாளின் ரத்தத்தில் வந்திருந்தால், உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி உருவாக்கியிருக்கும். ஆக, அப்படிப்பட்டவரின் சீரம் ஒரு தூண்டில் மாதிரி. ஜெல்லில் சின்னச் சின்னக் குழிகள் போட்டு, நடுக்குழியில் இந்தச் சீரத்தையும், சுற்றிலும் உலகின் பல பகுதி மக்களின் சீரத்தையும் விட்டு வைப்பார்கள். ஆன்டிபாடியும் அதற்குரிய புரதமும் சந்திக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழும். அவ்வளவுதான் டெக்னாலஜி.

இந்த வழியில் 1961-ல் கொழுப்புப் புரதங்களில் ஒரு பரம்பரை வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார்கள். பிளம்பெர்க் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே நைஜீரியா, அலாஸ்கா, பசிபிக் தீவுகள் என்று பல இடங்களின் ரத்த மாதிரிகளை ஃபிரீசரில் சேர்த்துக்கொண்டே போனார்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கோடு

1963-ல் அது நடந்தது. அதே நிறுவனத்தின் ரத்த வங்கியில் இருந்த இளம் டாக்டர் ஹார்வி ஆல்ட்டரும் பிளம்பெர்க்கும் சேர்ந்து சோதனை செய்துகொண்டிருந்தார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு ஹீமோஃபீலியா நோயாளி, பல முறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர். அவருடைய சீரத்துக்கு எதிராகப் பல நாட்டு மாதிரிகளை வைத்தபோது ஒன்றில் மட்டும் கோடு விழுந்தது. அந்த மாதிரி ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதருடையது.

வழக்கமான கொழுப்புப் புரதக் கோடு என்றால் அதற்கான சாயத்தில் நன்றாக நிறம் ஏறும். இதில் ஏறவில்லை. ஆக, இது வேறு ஏதோ. வேறு பெயர் தெரியாததால் அதற்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜன் என்று பெயர் வைத்தார்கள். இந்தியாவில் பல டாக்டர்களும் லேப்களும் இன்றைக்கும் இந்தப் பெயரைச் சொல்வது உண்டு. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் ஹெச்பிஎஸ்ஏஜி வேறொன்றும் இல்லை, அந்த ஆஸ்திரேலியா ஆன்டிஜன்தான்.

ஆல்ட்டர் பிற்பாடு ஹெபடைட்டிஸ் சி ஆராய்ச்சிக்காக 2020-ல் நோபல் பரிசு பெற்றார். ஒரே ஜெல் தட்டில் விழுந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேருமே நோபல் வாங்கினார்கள். ஆனால் அன்று அந்தக் கோட்டுக்கு அர்த்தம் என்ன என்று ரெண்டு பேருக்குமே தெரியாது.

பரம்பரையா, தொற்றா?

1964-ல் பிளம்பெர்க் பிலடெல்பியாவின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மாறினார். அங்கே ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்துப் பார்த்ததில் ஒரு வினோதமான வரைபடம் கிடைத்தது. ஆரோக்கியமான அமெரிக்கர்களிடம் இந்த ஆன்டிஜன் மிக அபூர்வம். ஆசியா, பசிபிக், ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் சர்வ சாதாரணம். லுக்கீமியா நோயாளிகளிடம் கணிசமாக இருந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடமும் அதிகம்.

பிலிப்பைன்ஸின் செபுவிலும் பசிபிக்கின் போகன்வில்லிலும் குடும்பம் குடும்பமாகச் சோதித்தார்கள். அண்ணன் தம்பிகளிடம் சேர்ந்தே இருந்தது. அம்மாவிடம் இருந்தால் பிள்ளைகளிடமும் இருந்தது. பள்ளியில் படிக்கும் மெண்டல் விதிக் கணக்குக்கு, இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் வெளிப்படும் மரபணுவின் கணக்குக்கு, அது கிட்டத்தட்டப் பொருந்தியது. பரம்பரைப் பண்புதான், அது இருப்பவர்களுக்கு லுக்கீமியா வரும் வாய்ப்பு அதிகம் போல என்று ஒரு கருதுகோள் உருவானது.

நல்ல கருதுகோளுக்கு ஒரு இலக்கணம் உண்டு. தப்பாக இருந்தால் தப்பு என்று காட்டிவிட முடிகிற மாதிரி அது இருக்க வேண்டும். பரம்பரைப் பண்பு என்றால் பிறந்ததிலிருந்து சாகும்வரை மாறாது. ரத்த குரூப் மாதிரி. ஏ பாசிட்டிவ் ஆக இருப்பவர் திடீரென்று ஒரு நாள் பி பாசிட்டிவ் ஆக மாட்டார், இல்லையா?

1966-ல் அதுதான் உடைந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஓர் இளைஞருக்கு முதல் பரிசோதனையில் ஆன்டிஜன் இல்லை. சில மாதம் கழித்துப் பார்த்தால் இருக்கிறது. இடையில் என்ன நடந்தது என்று பார்த்தபோது, அவருக்குக் கல்லீரல் அழற்சி வந்திருந்தது தெரிந்தது. அடுத்து, பிளம்பெர்க்கின் ஆய்வகத்திலேயே வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அவர் தன்னுடைய ரத்தத்தைத் தானே சோதித்தார். முன்பு இல்லாத கோடு மெல்லிசாகத் தெரிந்தது. அவருக்கும் ஹெபடைட்டிஸ்.

அதுவரை குழப்பமாக இருந்த எல்லாம் மளமளவென்று சரியான இடத்தில் போய் உட்கார்ந்தன. லுக்கீமியா நோயாளிகளுக்கு ஏன்? அவர்களுக்கு ரத்தம் அதிகம் ஏற்றப்பட்டது, எதிர்ப்பு சக்தியும் குறைவு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஏன்? அவர்களைக் கூட்டமாக அடைத்து வைத்திருந்த பெரிய காப்பகங்களில் தொற்று சுலபமாகப் பரவியது. புதிதாகப் பிறந்த டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளிடம் அது இல்லை. ஹீமோஃபீலியா நோயாளியிடம் ஏன் ஆன்டிபாடி? அவர் ஏற்றிக்கொண்ட ரத்தத்தில் வைரஸ் வந்திருந்தது.

செபு குடும்பங்கள்? அங்கே அம்மாவிடமிருந்து பிள்ளைக்குப் போனது மரபணு இல்லை. பிரசவ நேரத்தில் போன வைரஸ்.

1967-ல் ஹெபடைட்டிஸ் தொடர்பைப் பிளம்பெர்க் குழு வெளியிட்டது. நியூயார்க்கில் ஆல்பிரெட் பிரின்ஸ், ஜப்பானில் கசுவோ ஒகோச்சி ஆகியோரின் தனித்தனி ஆய்வுகள் 1968-ல் அதை உறுதிப்படுத்தின. 1970-ல் லண்டனில் டேவிட் டேன் குழு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முழு வைரஸையே பார்த்தது. ஆஸ்திரேலியா ஆன்டிஜன் என்பது அந்த வைரஸ் போட்டிருக்கும் வெளிச்சட்டை. வேண்டிய அளவுக்கு மேல் பல மடங்கு சட்டையைத் தைத்து ரத்தத்தில் கொட்டுவது இந்த வைரஸின் சுபாவம். அதனால்தான் அந்தக் காலத்து எளிய ஜெல்லிலேயே அது தெரிந்தது.

உடனடிப் பலன் ரத்த வங்கிகளுக்கு. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தான ரத்தத்தைச் சோதிப்பது கட்டாயமானது. இன்று இந்தியாவிலும் தானமாகப் பெறும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்துக்கும் இந்தச் சோதனை கட்டாயம்.

3,200 எழுத்துகளில் ஒரு வைரஸ்

பிளம்பெர்க் மனித மரபணுவைத் தேடிப் போய் வைரஸில் முடிந்தார். ஆனால் அந்த வைரஸுக்கும் ஒரு மரபணுக் கதை இருக்கிறது. அது அவருடைய நிறுவனத்திலேயே பெரிய அளவில் எழுதப்பட்டது.

மனித மரபணுத் தொகுப்பில் சுமார் 300 கோடி எழுத்துகள். ஹெபடைட்டிஸ் பி வைரஸில் வெறும் 3,200 சொச்சம். மனிதரைத் தாக்கும் வைரஸ்களில் மிகச் சிறியவற்றில் ஒன்று. இவ்வளவு குறைந்த இடத்தில் எப்படிக் குடித்தனம் நடத்துகிறது? சிலேடை மாதிரி. காளமேகப் புலவரின் பாட்டில் ஒரே அடியை ஒரு மாதிரிப் பிரித்தால் ஒரு பொருள், வேறு மாதிரிப் பிரித்தால் இன்னொரு பொருள் வருமே, அதேபோல இந்த வைரஸ் ஒரே எழுத்து வரிசையை வெவ்வேறு இடத்தில் பிரித்துப் படித்து வெவ்வேறு புரதங்களைச் செய்கிறது. மொத்தம் நான்கு மரபணுக்கள், ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன.

1982-ல் அதே பிலடெல்பியா நிறுவனத்தின் ஜெஸ்ஸி சம்மர்ஸ், வில்லியம் மேசன் இருவரும் வாத்துகளைத் தாக்கும் இதன் உறவுக்கார வைரஸை வைத்து இன்னொரு ஆச்சரியத்தைக் காட்டினார்கள். இது டிஎன்ஏ வைரஸ்தான். ஆனால் பெருகும்போது முதலில் ஆர்என்ஏ நகல் எடுத்து, அதிலிருந்து திரும்ப டிஎன்ஏ எழுதுகிறது. ஹெச்ஐவி செய்யும் வேலை மாதிரி. ஹெச்ஐவி-க்குக் கொடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரை ஹெபடைட்டிஸ் பி-க்கும் வேலை செய்வது இதனால்தான்.

இப்படி எழுதும்போது பிழை திருத்தும் வசதி இந்த வைரஸுக்குக் கிடையாது. பிழைகள் சேர்ந்து சேர்ந்து இன்று ஏ முதல் ஹெச் வரை பெயரிடப்பட்ட வகைகள் உள்ளன. அதற்குப் பிறகும் ஓரிரு வகைகள் முன்மொழியப்பட்டிருக்கின்றன. எட்டு சதவீதத்துக்கு மேல் எழுத்து மாறியிருந்தால் தனி வகை என்பது கணக்கு. கிழக்காசியாவில் பி, சி வகைகள் அதிகம். இந்தியாவில் பெரும்பாலும் டி, அடுத்து ஏ. கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளில் சி வகையும் உண்டு.

இது வெறும் பொது அறிவுத் தகவல் இல்லை. வைரஸ் சுறுசுறுப்பாக இருக்கிறதா என்று பார்க்க ஈ ஆன்டிஜன் என்று ஒரு சோதனை உண்டு. டி வகையில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், அந்த ஈ ஆன்டிஜன் உற்பத்தி நின்றுவிடும். ஆனால் வைரஸ் பெருகுவது நிற்காது. அதாவது ஈ ஆன்டிஜன் நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தாலும் கல்லீரல் உள்ளுக்குள் பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கலாம். டி வகை பரவலாக இருக்கும் நம் நாட்டில், வைரஸ் லோடையும் கல்லீரல் என்சைம்களையும் சேர்த்துப் பார்க்காமல் ஒரே டெஸ்ட்டை வைத்து நிம்மதி அடைய முடியாது.

இந்த வைரஸுக்கு வயதும் அதிகம். யூரேசியாவிலும் அமெரிக்காக்களிலும் கிடைத்த 137 பழங்கால மனித எச்சங்களிலிருந்து இதன் டிஎன்ஏ-வைப் பிரித்தெடுத்து 2021-ல் ஓர் ஆய்வு வந்தது. அதில் மிகப் பழையது சுமார் 10,500 ஆண்டுகளுக்கு முந்தையது. விவசாயம் வளரத் தொடங்கிய காலத்திலிருந்தே இது நம்முடன் நடந்து வருகிறது.

புற்றுநோயைத் தடுத்த முதல் ஊசி

1969-ல் பிளம்பெர்க்கும் அவருடைய சக விஞ்ஞானி இர்விங் மில்மனும் ஒரு விசித்திரமான யோசனைக்குக் காப்புரிமை கேட்டார்கள். நீண்டகாலத் தொற்று உள்ளவர்களின் ரத்தத்தில் அந்தக் காலிச் சட்டைகள்தான் ஏராளமாக இருக்கின்றனவே. அவற்றை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்து ஊசியாகப் போட்டால்? சட்டையைப் பார்த்தே உடம்பு எதிரியை அடையாளம் தெரிந்துகொள்ளும். உள்ளே வைரஸ் இல்லாததால் நோய் வராது.

ஆரம்பத்தில் பெரிய ஆர்வம் யாருக்கும் வரவில்லை. பிறகு மெர்க் நிறுவனம் எடுத்துக்கொண்டது. அங்கே மாரிஸ் ஹில்மன், மிச்சம் மீதி எந்தக் கிருமியும் தப்பாதபடி பல கட்டச் சுத்திகரிப்பு முறையை உருவாக்கினார். நியூயார்க்கில் 1,083 ஆண்களிடம் வோல்ஃப் ஸ்முனெஸ் நடத்திய சோதனையின் முடிவு 1980-ல் வந்தது. தடுப்பூசி அபாரமாக வேலை செய்தது. 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1986-ல் மனித ரத்தமே தேவைப்படாமல், ஈஸ்ட்டில் அந்தச் சட்டையைத் தைக்கும் முறை வந்துவிட்டது. இன்று நாம் போட்டுக்கொள்வது இந்த வகைதான். இந்தியாவில் 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இதைச் சொந்தமாகத் தயாரித்தது. வெளிநாட்டு ஊசியின் விலைக்குப் பயந்த குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

இதற்கிடையே தைவானில் பால்மர் பீஸ்லி 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து, 1981-ல் முடிவை வெளியிட்டார். இந்த ஆன்டிஜன் உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் ஆபத்து 200 மடங்குக்கும் மேல். தைவான் 1984-ல் பச்சிளம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தது. அடுத்த தலைமுறையில் பத்துக் குழந்தைகளில் ஒருவருக்கு இருந்த தொற்று, நூற்றில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. குழந்தைகளின் கல்லீரல் புற்றுநோயும் குறைந்தது. புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் உட்கார்ந்து மஞ்சள் காமாலையை ஏன் ஆராய்கிறார் என்று ஒரு காலத்தில் கேட்டிருக்கலாம். மனிதர்களுக்கு வரும் ஒரு புற்றுநோயைத் தடுக்க முடிந்த முதல் தடுப்பூசி இதுதான்.

கீழாநெல்லியும் சென்னையும்

மஞ்சள் காமாலை என்றால் நம்ம ஊரில் முதலில் ஞாபகம் வருவது கீழாநெல்லி. பிளம்பெர்க்கும் அதைச் சும்மா பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கவில்லை. 1980-களில் அவருடைய ஆய்வகம் இந்தச் செடியின் சாற்றை வைத்துச் சோதனைகள் செய்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவும் பிளம்பெர்க்கும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு 1988-ல் லான்செட் இதழில் வந்தது. 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் ஆன்டிஜன் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டும்.

உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்து போன்ற வேறு நாடுகளில் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே இன்றைய நிலையில் நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-க்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. கீழாநெல்லி குடித்துக்கொண்டிருக்கிறோமே என்று டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

பிளம்பெர்க்கின் இன்னொரு கணிப்பும் வழுக்கியது. இந்தத் தொற்று உள்ள பெற்றோருக்கு ஆண் குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதிகம் என்று அவருடைய ஆய்வுகள் சொல்லின. 2005-ல் எமிலி ஆஸ்டர் என்ற பொருளாதார நிபுணர் அதை எடுத்துக்கொண்டு, ஆசியாவில் பெண்கள் எண்ணிக்கை குறைவாக இருப்பதில் ஒரு பகுதிக்கு, குறிப்பாக சீனாவில் பெரும்பகுதிக்கு, இந்த வைரஸ்தான் காரணம் என்று எழுதினார். தைவானின் லட்சக்கணக்கான பிரசவப் பதிவுகளைப் பார்த்தபோது அப்படி எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. 2008-ல் ஆஸ்டரே சீனாவில் ஆய்வு செய்து, தான் சொன்னது தவறு என்று வெளியிட்டார். பெண் குழந்தைகள் குறைவதற்கு வைரஸின் மீது பழி போட்டுத் தப்பிக்க முடியாது. காரணம் சமூகத்திடம்தான் இருக்கிறது.

இந்தியாவில் இன்று

உலக சுகாதார அமைப்பின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் உலகில் 25.4 கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-யுடன் வாழ்ந்தார்கள். அந்த ஆண்டில் இந்தத் தொற்றால் இறந்தவர்கள் சுமார் 11 லட்சம். இந்தியாவில் மட்டும் 2.98 கோடிப் பேர். சீனாவுக்கு அடுத்த இடம் நமக்கு. உலக அளவில் தொற்று இருப்பது தெரிந்தவர்கள் வெறும் 13 சதவீதம். சிகிச்சையில் இருப்பவர்கள் சுமார் 3 சதவீதம். மீதிப் பேருக்குத் தங்கள் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. பல வருஷம் எந்த அறிகுறியும் இருக்காது என்பதுதான் சிக்கல்.

இந்தியாவுக்குள்ளும் எல்லா இடமும் ஒன்றல்ல. 2000-ஆவது ஆண்டையொட்டி நடந்த ஆய்வுகளில் நிக்கோபார் பழங்குடியினரில் நான்கில் ஏறக்குறைய ஒருவருக்கு இந்தத் தொற்று இருந்தது. சூரினாமில் பிளம்பெர்க் கேட்ட அதே கேள்வி இங்கேயும் வருகிறது. ஒரு கூட்டத்துக்கு மட்டும் ஏன்? அவர் கற்றுக்கொண்ட பாடமே பதில் தேடும் வழியையும் காட்டுகிறது. குடும்பத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் உடனே பரம்பரை என்று முடிவுகட்டாதே, எந்த வயதில், எந்த வழியில் தொற்றுகிறது என்று பார்.

வயது இதில் மிக முக்கியம். பிரசவ நேரத்தில் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாள்பட்டதாக மாறிவிடும். வளர்ந்த பிறகு தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் நிற்கும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் ஊசிக்கு அத்தனை மதிப்பு.

இந்தியாவில் குழந்தைகளுக்கான இந்தத் தடுப்பூசி 2002-ல் சோதனை முறையில் தொடங்கி, 2011-ல்தான் நாடு முழுவதும் வந்தது. அதே 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி முதலில் தொடங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போது ஐடி கம்பெனியிலும் வங்கியிலும் வேலை பார்க்கும் பலரும் அதற்கு முன்பே பிறந்தவர்கள். பெற்றோர் தனியாகக் காசு கொடுத்துப் போட்டிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

செய்ய வேண்டியது சுலபம். ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. நெகட்டிவ் என்று வந்து, முன்பு ஊசியும் போடவில்லை என்றால் மூன்று டோஸ்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. பாசிட்டிவ் என்றால் கல்லீரல் டாக்டரைப் பார்த்து, அவர் சொல்லும் இடைவெளியில் தொடர் பரிசோதனை. எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. தேவைப்படுபவர்களுக்கு 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மருந்து வைரஸை அடக்கி வைக்கும். கல்லீரல் செல்லின் கருவுக்குள் அது ஒளித்து வைத்திருக்கும் டிஎன்ஏ வளையத்தை முழுசாக அழிக்க இன்னும் வழி வரவில்லை. அதனால் நாமாக நிறுத்தக் கூடாது.

கூடவே வீட்டிலும் சொல்ல வேண்டும். இது ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கை குலுக்குவதாலோ, பக்கத்து சீட்டில் உட்காருவதாலோ பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகியவைதான் முக்கிய வழிகள். ஷேவிங் பிளேடு, டூத்பிரஷைப் பகிராமல் இருந்தால் போதும். கணவனோ மனைவியோ ஊசி போட்டுக்கொண்டால் அவர்களுக்குப் பாதுகாப்பு. கர்ப்பிணிக்குத் தொற்று இருந்தாலும், சரியான நேரத்தில் சிகிச்சை எடுத்தால் குழந்தைக்குப் போகாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். எங்க குடும்ப ரத்தத்துலயே இருக்கு, என்ன பண்றது என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய விஷயமே இல்லை. அப்படி நினைத்ததுதான் பிளம்பெர்க் 1960-களில் செய்த தப்பு. அவர் திருத்திக்கொண்டார்.

கடைசி நாள்

நோபலுக்குப் பிறகும் பிளம்பெர்க் ஓய்ந்து உட்காரவில்லை. 1989 முதல் 1994 வரை ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரித் தலைவராக இருந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் அமெரிக்கர் அவர்தான். 1999-ல் எழுபது வயதைத் தாண்டிய நிலையில், பூமிக்கு வெளியே உயிர் உண்டா என்று ஆராயும் நாசா விண்வெளி உயிரியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர் ஆனார். ஆஸ்திரேலிய ரத்தத்தில் வைரஸைக் கண்டவர், அடுத்து வேற்றுக் கிரகங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

2011 ஏப்ரல் 5 அன்று கலிஃபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில் உரையாற்றினார். உரை முடிந்த சிறிது நேரத்தில் மாரடைப்பு. 85 வயதில் அங்கேயே அவர் வாழ்க்கை முடிந்தது.

அந்த ஆண்டிலிருந்துதான் உலக ஹெபடைட்டிஸ் தினம் ஜூலை 28-க்கு மாறியது. அது அவருடைய பிறந்த நாள். இந்தியாவின் தேசியத் திட்டமும் 2018-ல் அதே தேதியில்தான் தொடங்கப்பட்டது. அடுத்த முறை ரிப்போர்ட் கையில் வரும்போது அந்த ஹெச்பிஎஸ்ஏஜி வரியை ஒரு நிமிஷம் பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால், உங்களுக்கு இந்த டெஸ்ட் இதுவரை எடுக்கவே இல்லை என்று அர்த்தம். கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.